சேவூர் முள்ளங்கி

ஆரணி
தை மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகள் சந்தனாவுக்கு அம்மா எழுதுவது.

ஜினேந்திரர் அருளில் நான் நலமாகவே இருக்கிறேன். முழங்கால் மட்டும் என் வயதை ஒத்துக்கொண்டுவிட்டது, மற்றவை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. நீயும் மாப்பிள்ளையும் ஆதீஷும் மெல்போர்னில் சுகமாக இருப்பதாக நினைத்துக்கொள்கிறேன். மார்கழி பிறந்ததிலிருந்து உன்னிடமிருந்து போன் இல்லை, ஆகவே நினைத்துக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது. போன வாரம் உன் மின்னஞ்சல் பள்ளி முகவரிக்கு வந்தது, தீபா டீச்சர் அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். ஆங்கிலத்தில் மூன்று பக்கம். மாப்பிள்ளைக்குச் சென்னையிலேயே வேலை கிடைக்கும்போல் இருக்கிறது, சித்திரையில் ஊரோடு வந்துவிடலாம் என்று எண்ணம், அப்பா ஆரம்பித்த பள்ளிக்கூடத்தை இனி நான் ஏற்று நடத்தட்டுமா, உங்களுக்கும் ஓய்வு வேண்டாமா அம்மா என்று கேட்டிருந்தாய். கேள்வி தெளிவாக இருந்தது. பதிலும் தெளிவாகவே இருக்கும். ஆனால் மூன்று பக்கத்தில் ஒரு வரியிலாவது சேவூர் சார்லியின் பெயர் வரும் என்று இரண்டு முறை படித்துப் பார்த்தேன், வரவில்லை. அதனால் நான்தான் அங்கிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. பதில் கடைசியில் இருக்கிறது, முன்னால் புரட்டிப் பார்க்காதே. சிறுவயதில் கணக்குப் புத்தகத்தில் அப்படித்தான் செய்வாய்.

ஊர்ச் செய்தி அதிகம் இல்லை. இந்த வருஷம் ஆற்றில் கொஞ்சம் தண்ணீர் ஓடியது, பாலத்தில் நின்று எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். எதிர்வீட்டு ஜெயச்சந்திரன் மகனுக்குக் கல்யாணம் முடிந்தது, பந்தியில் இலை போட்டவர்களுக்கு வரிசை தெரியவில்லை, உப்பு கடைசியில் வந்தது. நீ அனுப்பிய முழங்கால் பட்டையைப் போட்டுப் பார்த்தேன், அது என் அளவு இல்லை. உனக்கு என் காலின் அளவு மறந்திருக்கிறது. ஆதீஷின் இருமல் நின்றதா? குளிர்ந்த பாலைக் கொடுக்காதே என்று நான் சொல்லி எத்தனை நாள் ஆகிறது. மின்னஞ்சலோடு வந்த போட்டோவில் உன் முகம் வீங்கினாற்போல் தெரிகிறது, தூங்குகிறாயா என்று தெரியவில்லை. தூக்கம் வராமலிருக்க உனக்குக் காரணம் இருக்கிறது, ஆனாலும் தூங்கு.

இனி சார்லி விஷயம். போன ஆனியில் நீ விடுமுறைக்கு வந்தபோது, நம் பள்ளிக் குழந்தைகளும், தறிக்குப் போகிறவர்களும் தறிக்கு நூல் தார் சுற்றப் போகிறவர்களும் காலையில் விட்டுப்போகும் சின்னக் குழந்தைகளும் டப்பாவில் என்ன கொண்டுவருகிறார்கள் என்று திறந்து பார்த்தாய். பாக்கெட் சிப்ஸும் ஆறிப்போன நூடுல்ஸும் இருந்தன. முகம் சுளித்தாய். அது சரியான முகச்சுளிப்பு. ஆதீஷ் படிக்கும் பள்ளியில் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தே காய் வருகிறது, குழந்தைகள் தோட்டத்துக்கும் போகிறார்கள், நாமும் செய்யலாம் என்றாய். நானும் சரி என்றேன். நீயே சேவூருக்குப் போய், நெல் போட்டுக்கொண்டிருந்த சார்லியையும் அவன் மனைவி லிடியாவையும் பிடித்து, கிணற்றடி நிலத்தில் காய்கறி போடச் சொல்லி, மாலை போட்டு, பேசி, போட்டோ எடுத்து, விமானம் ஏறிப் போனாய். அதற்குப் பிறகு அந்த வேலையைச் செய்தவர்கள் சார்லியும், நம் சமையல்கார எழிலரசியும், நானும். ஆனாலும் ஆரம்பித்தது நீ, அதை எங்கும் நான் மறைத்ததில்லை. அவரையும் கொத்தவரையும் புடலையும் பூசணியும் பறித்த அன்றே அடுப்புக்கு வந்தன. மாதம் ஒருமுறை குழந்தைகள் சேவூர் வயலுக்குப் போனார்கள். நெசவாளி முருகேசன் மகள் ஒரு பூசணிப் பிஞ்சுக்குத் தன் தம்பி பெயரை வைத்து, அது முற்றி அறுபடும்வரை ஒவ்வொரு முறையும் போய்த் தட்டிப் பார்த்தாள். சமைத்த அன்று அழுதாள், பிறகு இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சிப்ஸ் பாக்கெட்டுகள் தாமாக நின்றன. உன் அப்பா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். நீ கொண்டுவந்தது நல்ல காரியம். அதைக் கெடுத்தவளும் நீதான் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நம் பள்ளிச் சமையலறையில் என்ன ஏறும், என்ன ஏறாது என்பது உனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்ல நீ சமணரல்லாத வேறு வீட்டில் பிறந்திருக்க வேண்டும். வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை, மண்ணுக்கு அடியில் விளையும் கிழங்கு எதுவும் இல்லை. அவரைக்காயைப் பறித்தால் கொடி நிற்கிறது, நாளைக்கும் காய்க்கிறது. முள்ளங்கியைப் பிடுங்கினால் செடியின் உயிரே போயிற்று, அதோடு வேரில் ஒட்டிய மண்ணில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களும். இதை மூன்றாம் வகுப்பில் நீயே மந்தாரை இலையில் சோற்றை வைத்துக்கொண்டு கூடப் படித்த பெண்ணுக்கு விளக்கினாய், நான் பக்கத்தில் நின்று கேட்டேன். பிறர் வீட்டில் இதை நான் பேசுகிறவள் அல்ல. சார்லி வீட்டில் உருளைக்கிழங்கும் மீனும் சமைப்பார்கள், அது அவர்கள் வீடு. வேலூரில் கன்னியர் மடத்து விடுதியில் நான் படித்த காலமெல்லாம் கிழங்கு போட்ட அன்று மோர்ச்சோறு தின்றேன். மதர் ஒருநாளும் என் தட்டைப் பற்றிப் பேசியதில்லை, கடைசி வருஷம் எனக்கென்று தனிக் கரண்டியே வைத்துக்கொடுத்தார். அந்நியர் வீட்டில் நான் காப்பாற்றியதைச் சொந்த வீட்டில் உன்னால் காப்பாற்ற முடியவில்லை.

மெல்போர்னில் ஆதீஷின் பள்ளியில் குழந்தைகள் கேரட்டைக் கையால் பிடுங்கிச் சிரிக்கிற வீடியோவை நீ சார்லிக்கு அனுப்பியிருக்கிறாய். நம்ம பிள்ளைகளும் இப்படிக் கையால் பிடுங்கணும் சார்லி என்று குரல் பதிவு வேறு. கேரட் இந்த மண்ணுக்கு வராது என்று அவன் சொன்னதும், அப்படியானால் முள்ளங்கியும் பீட்ரூட்டும் போடு என்றாய். அவன் உன்னைவிட நம் வீட்டை நன்றாக அறிந்தவன்போல் இருக்கிறது, அம்மா சமையலறையில் கிழங்கு ஏறாதே என்று கேட்டிருக்கிறான். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றிருக்கிறாய். விதை வாங்கும் முன் மறுபடி கேட்டிருக்கிறான். பேசிவிட்டேன் என்றிருக்கிறாய். என்னிடம் நீ பேசவில்லை. உனக்குப் பயம். நான் வேண்டாம் என்பேன் என்று தெரியும், போட்டு விளைந்து வந்துவிட்டால் அம்மாவால் என்ன செய்ய முடியும் என்று நினைத்திருக்கிறாய். என்னை அவ்வளவு குறைவாக நினைத்ததற்கு நன்றி.

மார்கழி பிறந்த உடனே, ஊர் பார்க்கட்டும் என்று நீ குறித்துக்கொடுத்த காய்கறி நாளன்று, பெற்றோர்களெல்லாம் கேட்டுக்கு வெளியே கூடியிருந்தார்கள், சார்லி குட்டியானை வண்டியில் வந்தான். மோட்டார் தண்ணீரில் அலசிய முள்ளங்கி தழையோடு அடுக்கியிருந்தது, பின்னால் பீட்ரூட் மூட்டைகள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான் கேட்டைத் திறக்க வேண்டாம் என்றேன். சார்லி முதலில் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தான். பிறகு முகம் மாறி, "சந்தனா அக்கா உங்ககிட்ட பேசிட்டேன்னு சொன்னாங்களேம்மா. நான் ரெண்டு வாட்டி கேட்டேன். அப்புறம்தான் வெதையே வாங்கினேன்" என்றான். என்னிடம் யாரும் பேசவில்லை என்றேன். கூட வந்த லிடியாவுக்கு வாய் சும்மா இருக்குமா, எங்களை உள்ளே விட்டீங்க, எங்க முள்ளங்கியை விடமாட்டீங்களா என்று கேட்டாள். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. உனக்குப் போன் போட்டேன். சார்லிக்கும் கேட்கட்டும் என்றுதான் ஸ்பீக்கரில் வைத்தேன், கூடி நின்றவர்களும் கேட்டார்கள். முள்ளங்கி போடச் சொன்னாயா என்று தமிழில் கேட்டேன். நீ ஆங்கிலத்தில் பதில் சொன்னாய். யாரோ தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள், காய்கறி போடு என்றுதான் சொன்னேன், கிழங்கு என்று நான் சொல்லவே இல்லை என்றாய்.

சந்தனா, நீ பொய் சொல்லும்போது மட்டும் ஆங்கிலத்துக்கு மாறுவாய். கோயிலுக்குக் கொடுக்க வைத்திருந்த கண்ணாடி விளக்கை உடைத்துவிட்டுப் பூனைமேல் பழி போட்ட அன்றும் ஆங்கிலம்தான். அந்த ஆங்கிலம் நான் கற்றுக்கொடுத்தது, இலக்கணம் சுத்தமாக இருந்தது. அன்று பழி பூனைமேல் விழுந்தது, பூனைக்கு ஊரில் பெயர் கெடாது. இந்த முறை எதிரே நின்றவன் வெயிலில் மண்ணைக் கொத்தி உன் பேச்சை நம்பி விளைத்தவன். லிடியா அவன் கையைப் பிடித்து, "அக்கா பேசினது போன்ல கீதே, போட்டுக் காட்டுய்யா, எல்லாரும் கேக்கட்டும்" என்றாள். அவன் போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "வேணாம், வுடு. அக்காவுக்கு அங்க இன்னா பேஜாரோ" என்றான். எனக்கு அந்தப் பதிவைக் கேட்கத் தேவை இருக்கவில்லை. அடுத்து நான் சொன்னதை நீயும் கேட்டாய், அப்போது போன் அணைந்திருக்கவில்லை. என் பெண் பொய் சொல்கிறாள், சார்லி சொல்வது நிஜம், ஆனாலும் வண்டி உள்ளே வராது என்றேன். மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னேன், மூன்றும் சரி. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். பெற்ற பெண்ணைத் தெருவில் வைத்துப் பொய்க்காரி என்று சொல்லலாமா என்று உன் சித்தி தேவிகாபுரத்திலிருந்து போன் போட்டு அழுதாள். பெற்ற பெண் தெருவில் வைத்துப் பொய் சொல்லலாமா என்று கேட்டேன், வைத்துவிட்டாள்.

மார்கழியில் மார்க்கெட்டெல்லாம் முள்ளங்கிதான், ஆரணியில் ஏற்றிய வண்டியை அப்படியே போளூர் சந்தைக்குக் கொண்டுபோனான், அங்கேயும் ஆளில்லை. வயலில் நின்ற மிச்சம் முற்றி நடுவில் பஞ்சாகி மாட்டுக்குப் போயிற்று, பீட்ரூட்டைப் பாதி விலைக்குக் கொடுத்தான். நான் ஈடு கொடுக்கிறேன் என்று ஆளனுப்பினேன், வாங்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் லிடியாவை வரவழைத்து, உனக்கென்று தறியில் சொல்லி நெய்து பீரோவில் வைத்திருந்த அரக்குப் பட்டுப் புடவையை எடுத்துக் கொடுத்தேன். மாங்காய்க் கரை போட்டது, உனக்கு நினைவிருக்கும், போன தடவை தோளில் வைத்துப் பார்த்துவிட்டு அடுத்த முறை கொண்டுபோகிறேன் என்று மடித்து வைத்தாய். அக்கா கேட்டா இன்னா சொல்லுவீங்க என்றாள் லிடியா. கேட்கமாட்டாள், கேட்டால் எதற்காகக் கொடுத்தேன் என்று நான் சொல்லவேண்டிவரும் என்று அவளுக்குத் தெரியும் என்றேன். புடவையை விரித்துக் கரையைத் தடவிப் பார்த்துவிட்டு, வேணாம்னு சொல்லத்தான் வந்தேன், நல்லா இருக்குதும்மா, மனசு வரலை என்று வாங்கிக்கொண்டாள். கிறிஸ்துமஸ் அன்று அவர்கள் கோயிலுக்கு அதைத்தான் கட்டிப் போனாளாம். அவள் நிறத்துக்குப் பொருத்தம்.

ஆனால் சார்லி பள்ளிக்குக் காய் கொண்டுவருவதை நிறுத்திவிட்டான். எழிலரசி மார்க்கெட்டில் வாடிய கத்தரிக்காய் வாங்கிச் சமைக்கிறாள், குழந்தைகள் தட்டில் ஒதுக்குகிறார்கள், சிப்ஸ் பாக்கெட் திரும்பி வந்துவிட்டது. முருகேசன் மகள் தினமும் கேட்டில் நின்று சேவூர் வண்டி வரலையா ஆயா என்று என்னைக் கேட்கிறாள். பொங்கல் முடிந்ததும் நானே சேவூர் டவுன் பஸ்ஸில் ஏறிப் போனேன். தீபா டீச்சர் வண்டியில் கொண்டுவிடுகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன், கேட்கப் போகிறவள் பஸ்ஸில்தான் போகவேண்டும். சார்லி மோட்டார் கொட்டகை நிழலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தான், மரியாதையில் குறைவில்லை. மறுபடியும் வா, என்ன போடுவது என்று இனி நீயும் நானும் நேரில் பேசிக்கொள்வோம் என்றேன். அவன் பாத்தியைப் பார்த்துக்கொண்டே சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "காய் போனது போவட்டும்மா. நீங்க அன்னிக்கு எல்லார் எதிர்லயும் எனக்காகப் பேசினீங்க. ஆனா ஊர்ல இன்னா சொல்லிகினு கீறாங்க தெரியுமா? சார்லி ஸ்கூல் அம்மாவோட பொண்ணு பேரைச் சொல்லி ஏமாத்தப் பாத்தான், பெரியம்மா பாவம் பாத்து அவனைக் காப்பாத்திட்டாங்கன்றாங்க. மார்க்கெட்டுக்குப் போனா வெலதான் கொறையும். அங்க வந்தா நான் கொறையறேன்."

யோசித்துப் பார்த்தேன், அவன் சொல்வது நிஜம். என் பெண் பொய் சொல்கிறாள் என்று நான் சொன்னதைக்கூட என் பெருந்தன்மை என்று ஆக்கிவிட்டார்கள். ஒரு தாளாளரம்மா விவசாயியைக் காப்பாற்றப் பொய் சொல்வாள் என்று நம்புவது, வெளிநாட்டில் இருக்கும் படித்த பெண் பொய் சொன்னாள் என்று நம்புவதைவிட இந்த ஊருக்குச் சுலபமாக இருக்கிறது. ஆகவே என் வாய் இதில் செல்லாது. நீ சொன்னால் மட்டும்தான் செல்லும்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்தை உனக்குத் தரமாட்டேன். தாளாளர் நாற்காலியில் நான் இருக்கும்வரை நான், எனக்குப் பின்னால் யார் என்பதை டிரஸ்ட் முடிவு செய்யட்டும், உன் பெயரை நான் சொல்லப்போவதில்லை. முள்ளங்கிக்காக அல்ல. முள்ளங்கியை மன்னிக்கலாம், வீட்டு வழக்கத்தை மறந்த பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அவர்கள் திரும்பக் கற்றுக்கொள்வார்கள். உழைத்த இன்னொருவனைப் பழிக்கு முன்னால் நிறுத்தித் தன் முகத்தைக் காப்பாற்றிக்கொள்கிறவளை நம்பி, தறி ஓட்டுகிறவர்களின் பிள்ளைகளை நான் விடமாட்டேன். நீ அழுவாய். அழுதுவிட்டு மேலே படி.

சித்திரையில் வா. ஊருக்கு வருவதை நான் தடுக்கவில்லை, உன் அறை பெருக்கித்தான் இருக்கிறது. ஆனால் பஸ் நிலையத்தில் இறங்கி நேரே இங்கே வராதே. பெட்டியோடு சேவூர் பஸ்ஸில் ஏறிச் சார்லி வயலுக்குப் போ. அவனையும் லிடியாவையும் அழைத்துக்கொண்டு, தாய்மார்கள் குழந்தைகளைக் கூட்டிப்போக வரும் நேரத்துக்குப் பள்ளிக் கேட்டுக்கு வா. கேட்டுக்கு வெளியே, வண்டி நின்ற அதே இடத்தில் நின்று, முள்ளங்கி போடச் சொன்னது நான்தான், அம்மாவிடம் பேசிவிட்டேன் என்று இவரிடம் பொய் சொன்னேன், போனில் இல்லை என்று மறுபடியும் பொய் சொன்னேன் என்று எல்லாருக்கும் கேட்கச் சொல். இது நாற்காலிக்கு விலை அல்ல. சொன்னாலும் நாற்காலி கிடையாது, அதை மனதில் வைத்துக்கொண்டே சொல்ல வேண்டும். நீ சொன்னால் சார்லி மறுநாளே வருவதாகச் சொல்லியிருக்கிறான். அவரைப் பந்தல் பூ விட்டிருக்கிறது, நான் கண்ணால் பார்த்தேன். நீ சொல்லாவிட்டால் அந்தக் காய் வேறெங்காவது போகும், இந்தப் பிள்ளைகள் பாக்கெட்டைக் கிழித்துத் தின்பார்கள், நீ அதைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் பேசக்கூடாது.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். போனில் பேசியதை இல்லை என்று சொல்ல உனக்கு வரும் என்று தெரிந்தபிறகு காகிதம்தான் சரி என்று பட்டது. ஆதீஷையும் கூட அழைத்து வா, கேட்டில் நீ பேசும்போது அவன் பக்கத்தில் நிற்கட்டும். குழந்தை பார்க்கக்கூடாது என்பாய். உன்னைப் பார்த்துத்தான் அவன் கற்கிறான், நல்லதாக ஒன்றும் பார்க்கட்டுமே.

மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், இருட்டுவதற்குள் சாப்பிடச் சொல், அவர் வயிற்றுக்கு அதுதான் மருந்து. ஆதீஷுக்கு என் முத்தம். உனக்கும் ஆசீர்வாதம் உண்டு, பகவான் உனக்கு நேரான நாக்கைக் கொடுக்கட்டும், உடம்பையும் பார்த்துக்கொள்.

ஒன்றை மறந்துவிடாதே. கேட்டில் தமிழில் பேசு.

உன் அம்மா,
ஜ்வாலாமாலினி பத்மராஜ்